ஏ.சி இல்லாமலும் ஆபீஸ் குளிருமா? கலசப்பாக்கம் மாதிரி ஊர்கள் யோசிக்க வேண்டிய கணக்கு!

மே மாதம், மதியம் 2 மணி. வருமானச் சான்றிதழுக்கோ பட்டா மாறுதலுக்கோ ஓர் அலுவலகத்துக்குப் போகிறீர்கள் என்று வச்சுக்கோங்க. உள்ளே மூன்று விதமான வெயில் இருக்கும். அதிகாரியின் அறையில் ஏ.சி ஓடும், அங்கே 24 டிகிரி. எழுத்தர்கள் உட்காரும் கூடத்தில் மின்விசிறி சூடான காற்றையே சுழற்றிச் சுழற்றிக் கீழே தள்ளும். நீங்கள் நிற்கிற இடத்தில், அதாவது வரிசையில், அதுவும் இருக்காது. இது எந்த ஒரு குறிப்பிட்ட ஆபீஸின் கதையும் இல்லை. தமிழ்நாட்டில் பாதி ஊர்களின் கதை.

திருவண்ணாமலையிலிருந்து போளூர் போகிற வழியில் இருக்கிற கலசப்பாக்கத்தை எடுத்துக்கலாம். மேற்கே ஜவ்வாது மலைத்தொடர், பக்கத்தில் பர்வதமலை, ஊரை ஒட்டிச் செய்யாறு. கேட்க ரொம்பக் குளிர்ச்சியா இருக்கு இல்லையா? ஆனால், மலை மேலே இருக்கிற குளிர்ச்சி அடிவாரத்துக்கு இறங்கி வருவதில்லை. கடல் தூரம் என்பதால், சென்னைக்காரர்களுக்குச் சாயங்காலம் கிடைக்கிற கடல்காற்றும் இங்கே கிடையாது. கோடையில் செய்யாறு பெரும்பாலும் மணல்தான். பக்கத்து மாவட்டத் தலைநகரை மக்கள் 'வெயிலூர்' என்று கிண்டல் செய்கிறார்களே, அந்த வெயிலின் சொந்தக்கார ஊர்தான் இதுவும்.

இப்படிப்பட்ட ஒரு தாலுகா தலைநகரில் தாலுகா அலுவலகம், வங்கிக் கிளை, கூட்டுறவுச் சங்கம், இ-சேவை மையம், பத்திரப் பதிவு, தனியார் நிதி நிறுவனம் என எத்தனை அலுவலகக் கட்டடங்கள் இருக்கும்! இவற்றை எப்படிக் குளிர வைக்கப் போகிறோம்? 'ஆளுக்கொரு ஏ.சி மாட்டிட்டா முடிஞ்சது' என்பது சுலபமான பதில். அந்தப் பதிலுக்கு என்ன விலை என்பதைத்தான் இங்கே பார்க்கப் போகிறோம்.

ஏன் இப்போது பேச வேண்டும்?

2024 மே 2-ம் தேதி தமிழ்நாட்டின் உச்ச மின்தேவை 20,830 மெகாவாட்டைத் தொட்டது. அதுவரை இல்லாத உச்சம் அது. கோடையில் இப்படித் தேவை எகிறுவதற்கு முக்கியமான காரணம் என்னவென்று உங்களுக்கே தெரியும். எல்லோரும் ஒரே நேரத்தில் ஏ.சி போடுகிறோம். அதே ஆண்டு அக்டோபரில் தமிழ்நாடு அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. வெப்ப அலையால் உயிரிழந்தால் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய் நிவாரணம் என்றும் சொன்னது. புயலுக்கும் வெள்ளத்துக்கும் இருந்த இடம் இப்போது வெயிலுக்கும் வந்துவிட்டது.

மத்திய அரசு 2019-ல் வெளியிட்ட 'இந்தியக் குளிரூட்டல் செயல்திட்டம்' இன்னொரு கணக்கைச் சொல்கிறது. 2017-18-ல் இருந்த குளிரூட்டல் தேவை, 2037-38-க்குள் சுமார் 8 மடங்காகப் பெருகும் என்று அது மதிப்பிடுகிறது. அந்தத் தேவையில் 20 முதல் 25 சதவிகிதத்தைக் குறைக்க வேண்டும் என்பதும் அதே திட்டத்தின் இலக்கு. கவனியுங்கள், அது 'நல்ல ஏ.சி வாங்குங்க' என்பதோடு நிற்கவில்லை. ஏ.சி-யின் தேவையையே குறைக்கச் சொல்கிறது. அதற்குக் கட்டடத்தைத்தான் மாற்ற வேண்டும்.

இதற்குப் பொறியாளர்கள் வைத்திருக்கும் பெயர் 'பாஸிவ் கூலிங்'. நம் பாஷையில் சொன்னால், கரன்ட் செலவில்லாத குளிர்ச்சி. வெப்பத்தை உள்ளே விட்டுவிட்டு அப்புறம் மெஷின் வைத்து வெளியே தள்ளுவதற்குப் பதிலாக, உள்ளேயே விடாமல் பார்த்துக்கொள்வது. அப்படியும் நுழைந்ததைக் காற்றை வைத்து வெளியேற்றுவது. அவ்வளவுதான் விஷயம்.

முதல் குற்றவாளி உங்கள் தலைக்கு மேலே!

கலசப்பாக்கம் இருப்பது ஏறத்தாழ 12.4 டிகிரி வட அட்சரேகையில். ஏப்ரல் 24-ஐ ஒட்டி மதிய நேரத்தில் சூரியன் இந்த ஊருக்கு நேர் உச்சியில் நிற்கும். அதன் பிறகு ஆகஸ்ட் மூன்றாவது வாரம் வரை உச்சிக்குச் சற்று வடக்கே நகர்ந்து நிற்கும். இதன் அர்த்தம் என்ன? அக்னி நட்சத்திர நாள்களில் தெற்குச் சுவரில் வெயிலே விழாது. வடக்குச் சுவரிலும் சாய்வாகக் கொஞ்சம்தான். கிழக்குச் சுவர் காலையிலும் மேற்குச் சுவர் மாலையிலும் வாங்கும். ஆனால், காலை முதல் மாலை வரை முழுசா வாங்கிக்கொண்டே இருப்பது மொட்டை மாடிதான்.

ஒன்று அல்லது இரண்டு மாடி மட்டுமே உள்ள சின்ன ஊர் அலுவலகங்களில் இது இன்னும் முக்கியம். பத்து மாடிக் கட்டடத்தில் மேல் மாடிக்காரர் ஒருவர்தான் கூரையின் சூட்டை வாங்குவார். ஒற்றை மாடிக் கட்டடத்திலோ எல்லோருமே மேல் மாடிக்காரர்கள்தான்.

சாம்பல் நிறக் கான்கிரீட் தளம், தன் மேல் விழும் வெயிலில் மூன்றில் ஒரு பங்கைக்கூடச் சரியாகத் திருப்பி அனுப்பாது. மிச்சத்தை அப்படியே குடித்துவிடும். கோடை மதியத்தில் தளத்தின் மேற்பரப்பு 60 டிகிரியை எட்டும். வெறுங்காலோடு மொட்டை மாடியில் வடகம் எடுக்கப் போனவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. அந்தச் சூடு தளத்துக்குள் மெதுவாக இறங்கி, சில மணி நேரம் கழித்து உட்பக்கம் வந்து சேரும். மதியம் 12 மணி வெயில், 3 மணி, 4 மணிக்கு உங்கள் தலைமேல் வந்து உட்காரும். அலுவலகத்தில் வேலை ஓடாத நேரம் எது என்று கேட்டால் எல்லோரும் அந்த நேரத்தைச் சொல்வது சோம்பேறித்தனத்தால் மட்டும் இல்லை.

இப்போது அந்த அறையில் ஏ.சி மாட்டினால்? மேலே அடுப்பு எரிய, கீழே ஐஸ் வைப்பது மாதிரிதான்.

பழைய கட்டடங்களுக்குத் தெரிந்திருந்தது

'அந்தக் காலத்து வீடு ஏ.சி மாதிரி இருக்கும்' என்று தாத்தா பாட்டி சொல்வதில் பாதி பாசம், பாதி பௌதிகம். அந்தப் பௌதிகத்தை மட்டும் எடுத்துக்கொள்வோம்.

ஜவ்வாது மலையில் மலையாளிப் பழங்குடி மக்களின் பழைய வீடுகளில் மண் சுவரும் புல் வேய்ந்த கூரையும் இருக்கும். கூரை நன்றாகத் தாழ்ந்து இறங்கிச் சுவரை மறைக்கும். புல் கூரை வெப்பத்தை உள்ளே கடத்தாது. தாழ்வான இறவாணம் சுவரில் வெயில் படாமல் காக்கும். ஆனால், புல் கூரை தீப்பிடிக்கும், அடிக்கடி மாற்ற வேண்டும். பதிவேடுகளும் கம்ப்யூட்டரும் இருக்கிற ஆபீஸுக்கு அது ஆகாது. கற்றுக்கொள்ள வேண்டியது புல்லை அல்ல, நிழலை.

சமவெளியில் 'மெட்ராஸ் டெரஸ்' என்று ஒரு கூரை இருந்தது. மர உத்திரங்களின் மேல் மெல்லிய செங்கற்களைச் செங்குத்தாக நிறுத்திச் சுண்ணாம்புச் சாந்தில் பதித்து, அதன் மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து இடித்து, கடைசியாகத் தட்டோடு ஒட்டுவார்கள். பழைய அரசுக் கட்டடங்கள் பலவற்றில் இதைப் பார்க்கலாம். கூடவே உயரமான கூடம், சுற்றிலும் தாழ்வாரம், சுவரின் உச்சியில் வெண்டிலேட்டர். சூடான காற்று மேலே போகும், அங்கே வழி இருந்தால் வெளியே போய்விடும் என்ற ஒரே எளிய உண்மையின் மேல் கட்டியவை இவை.

பிறகு நாம் என்ன செய்தோம்? கூரை உயரத்தைக் குறைத்தோம். ஏ.சி குளிர் வெளியே போகிறது என்று வெண்டிலேட்டரை அட்டை வைத்து அடைத்தோம். தாழ்வாரத்தைச் சுவர் வைத்து மூடி இன்னொரு அறையாக்கினோம். முகப்பு 'எலிவேஷன்' அழகா இருக்கணும்னு நீலக் கண்ணாடியும் ஏ.சி.பி ஷீட்டும் ஒட்டினோம். மேற்குப் பார்த்த ஒரு கண்ணாடி முகப்பு, சாயங்கால வெயிலில் பெரும்பகுதியை உள்ளே விட்டு, உள்ளே பிறக்கிற வெப்பத்தை வெளியே விடாமல் பிடித்து வைத்துக்கொள்ளும். கரன்ட் போனால் கதை இன்னும் மோசம். திறக்கவே முடியாத கண்ணாடி அது.

செய்து காட்டியவர்கள் இருக்கிறார்கள்

'இதெல்லாம் பேச நல்லா இருக்கும், நடக்குமா?' என்று கேட்பீர்கள். நடந்திருக்கிறது. கலசப்பாக்கத்திலிருந்து சில மணி நேரப் பயண தூரத்திலேயே ஓர் உதாரணம் இருக்கிறது.

புதுச்சேரியில் அரவிந்தர் ஆசிரமத்தின் 'கோல்கொண்டா' விடுதி. அந்தோனின் ரேமண்ட் என்ற கட்டடக் கலைஞர் வடிவமைத்து, 1930-களின் பிற்பகுதியில் வேலை தொடங்கிய கான்கிரீட் கட்டடம். கான்கிரீட் என்றாலே சூடு என்று நினைக்கிறோம். இங்கே நீளமான பக்கங்கள் வடக்கும் தெற்கும் பார்த்திருக்கின்றன. அந்தப் பக்கங்கள் முழுக்க, மேலும் கீழும் திருப்பக்கூடிய லூவர் பலகைகள். வெயிலும் மழையும் வராது, காற்று மட்டும் வரும். கூரைத் தளத்துக்கு மேலே வளைந்த கான்கிரீட் ஓடுகள், இரண்டுக்கும் நடுவில் காற்று இடைவெளி. அதாவது, கூரைக்கே ஒரு குடை! கடலோரப் புழுக்கத்திலும் பல பத்தாண்டுகளாக ஏ.சி இல்லாமல் ஆட்கள் வசிக்கிற கட்டடம் இது.

விடுதி வேறு, ஆபீஸ் வேறு என்பீர்கள். சரி, திருவனந்தபுரம் போவோம். அங்குள்ள வளர்ச்சி ஆய்வு மையத்தின் வளாகத்தை லாரி பேக்கர் 1970-களில் கட்டினார். செங்கற்களுக்கு நடுவே இடைவெளி விட்டு அடுக்கிய ஜாலிச் சுவர்கள்தான் அங்கே ஜன்னல்கள். வெளிச்சம் சிதறி வரும், காற்று நுழையும், நேரடி வெயில் நுழையாது. பேக்கர் பரப்பிய இன்னொரு முறை ஃபில்லர் ஸ்லாப். கான்கிரீட் தளத்தின் அடிப்பகுதியில், பாரம் தாங்கும் வேலை இல்லாத இடங்களில், ஓடுகளை வைத்து வார்ப்பது. கான்கிரீட்டும் மிச்சம், ஓடுகளுக்கு இடையில் சிக்கும் காற்றால் சூடும் குறைவு. இன்றைக்கும் இதைச் செய்யத் தெரிந்த கொத்தனார்கள் தமிழ்நாட்டிலும் கேரளாவிலும் இருக்கிறார்கள்.

ஹைதராபாத்தில் சி.ஐ.ஐ-யின் சோராப்ஜி கோத்ரெஜ் பசுமை வணிக மையம், 2004 ஜூலையில் அன்றைய குடியரசுத் தலைவர் அப்துல் கலாம் திறந்து வைத்த அலுவலகக் கட்டடம். அங்கே ஏ.சி இருக்கிறது. ஆனால், வெளிக்காற்று நேராக ஏ.சி-க்குள் போகாது. காற்றுக் கோபுரங்களின் வழியே இறங்கி, தண்ணீர்ச் சாரலில் சில டிகிரி குளிர்ந்த பிறகே போகும். மண்பானைத் தண்ணீர் குளிர்வதும் இதே சூத்திரத்தில்தான்.

அதே ஹைதராபாத்தில் இன்ஃபோசிஸ் 2011-ல் ஒரு நல்ல சோதனை செய்தது. ஒரே கட்டடத்தை இரண்டு சமபாதிகளாகப் பிரித்தார்கள். ஒரு பாதிக்கு வழக்கமான ஏ.சி. இன்னொரு பாதிக்குத் தளத்துக்குள் குழாய் பதித்துக் குளிர்ந்த நீரை ஓடவிடும் முறை. இரண்டாவது பாதி ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு மின்சாரத்தை மிச்சப்படுத்தியது. இது முழுக்க 'பாஸிவ்' கிடையாது, பம்ப் உண்டு. ஆனால், ஒரு பாடம் தெளிவு. முதலில் வெயிலையும் கண்ணாடியையும் கட்டுப்படுத்தி, கட்டடத்தின் வெப்பச் சுமையைக் குறைத்த பிறகுதான் இந்த மாதிரி முறைகள் வேலை செய்யும்.

கலசப்பாக்கத்துக்கு ஒரு சாதகம்

ஒரு விஷயத்தைப் பலரும் கவனிப்பதில்லை. சென்னைக்குச் சரிவராத ஒரு முறை உள்மாவட்டங்களுக்கு நன்றாகச் சரிவரும்.

கடலோரத்தில் கோடை இரவும் புழுங்கும். பகலுக்கும் இரவுக்கும் வித்தியாசம் குறைவு. கலசப்பாக்கம், போளூர், வேலூர்ப் பக்கம் பகல் 40-ஐத் தொட்டாலும், விடியற்காலையில் 27 டிகிரிக்குப் பக்கத்தில் இறங்கும். இந்த 12, 13 டிகிரி வித்தியாசம் ஒரு சொத்து. இரவில் குளிர்ந்த காற்றை உள்ளே ஓடவிட்டுச் சுவரையும் தளத்தையும் குளிர வைத்துவிட்டால், காலை 10 மணிக்கு அலுவலகம் திறக்கும்போது அந்தக் கட்டடம் குளிர்ந்த பானை மாதிரி இருக்கும். பிற்பகல் வரைக்கும் அந்தக் குளிர்ச்சி தாங்கும். பிறகு வெளியே சூடு ஏறும்போது ஜன்னலைச் சாத்திவிட வேண்டும். பகலில் எல்லா ஜன்னலையும் திறந்து வைப்பது இங்கே தப்பு. 41 டிகிரிக் காற்று உள்ளே வந்து யாருக்கு என்ன லாபம்?

சிக்கல் எங்கே? வீட்டில் இரவில் ஆள் இருக்கும், ஜன்னல் திறந்திருக்கும். ஆபீஸில் மாலை 6 மணிக்கு எல்லாவற்றையும் பூட்டிவிட்டுப் போய்விடுவார்கள். திருட்டு பயம், எலி பயம், மழைச் சாரலில் ஃபைல் நனையும் பயம். எல்லாமே நியாயமான பயம். அதனால் பகல் முழுக்கக் குடித்த சூட்டை இரவு முழுக்கப் பூட்டி வைத்து, காலையில் திறக்கிறோம். இதற்குத் தீர்வு பெரிய தொழில்நுட்பம் இல்லை. கம்பியும் வலையும் போட்ட, மேலே மழை மறைப்பு உள்ள உயரமான வெண்டிலேட்டர்கள் போதும். எதிரெதிர்ச் சுவர்களில் இருந்தால் காற்று தானாக ஓடும். ஒரு எக்ஸாஸ்ட் ஃபேனை விடியற்காலையில் சில மணி நேரம் டைமரில் ஓடவிட்டால் இன்னும் நல்லது. வலை, காற்றைக் கணிசமாகக் குறைக்கும் என்பதால் வெண்டிலேட்டரைக் கொஞ்சம் பெரிதாகவே வைக்க வேண்டும்.

எத்தனை டிகிரியில் நமக்கு வேலை ஓடும்?

'24 டிகிரி இல்லைன்னா வேலை செய்ய முடியாது' என்பது உண்மையா? அகமதாபாத்தின் செப்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், சென்னை உட்பட ஐந்து நகரங்களின் அலுவலகங்களில் வேலை செய்பவர்களிடமே கேட்டு ஆராய்ந்தார்கள். ஜன்னலும் மின்விசிறியும் உள்ள அலுவலகங்களில் இருப்பவர்கள், வெளியே கோடை கூடக் கூட, உள்ளேயும் அதிக வெப்பநிலையை வசதியாகவே ஏற்றுக்கொள்கிறார்கள் என்பதுதான் அதில் கிடைத்த முடிவு. உடம்பு பழகிக்கொள்கிறது. குளிர்நாட்டு அளவுகோலை நம் ஆபீஸுக்கு அப்படியே கொண்டுவர வேண்டியதில்லை. 2017-ல் திருத்தப்பட்ட நாட்டின் கட்டட எரிசக்தி விதிகளிலும் இந்த அணுகுமுறைக்கு இடம் உண்டு.

கையில் இருக்கிற ஏ.சி-க்கே ஒரு கணக்கு போடலாம். ஒன்றரை டன் ஏ.சி ஒரு மணி நேரத்துக்குச் சராசரியாக 1.2 யூனிட் எடுத்தால், 8 மணி நேரத்துக்குச் சுமார் 10 யூனிட். மாதம் 25 நாள் என்றால் 250 யூனிட். யூனிட் 10 ரூபாய் என்று வச்சுக்கிட்டா, ஓர் ஏ.சி-க்கு மாதம் 2,500 ரூபாய். ஒவ்வொரு டிகிரி கூட்டி வைக்கும்போதும் ஏறக்குறைய 6 சதவிகிதம் மின்சாரம் மிச்சமாகும் என்கிறது மத்திய அரசின் எரிசக்தித் திறன் அமைப்பான பி.இ.இ. 24-ல் வைக்காமல் 27-ல் வைத்து, மேலே மின்விசிறியை மெதுவாகச் சுழலவிட்டால், மாதம் சுமார் 45 யூனிட் மிச்சம். பத்துப் பழைய 75 வாட் மின்விசிறிகளை எடுத்துவிட்டு 30 வாட் பி.எல்.டி.சி விசிறிகள் மாட்டினால், அதில் மாதம் 90 யூனிட் மிச்சம்.

சட்டத்தில் ஒரு பெரிய ஓட்டை

இவ்வளவு தெரிந்தும் ஏன் நம் ஊர் அலுவலகங்கள் அப்படியே இருக்கின்றன? இங்கேதான் விஷயம் இருக்கிறது.

வணிக, அலுவலகக் கட்டடங்களுக்கான எரிசக்தி சேமிப்புக் கட்டட விதிகள் (ஈ.சி.பி.சி) 2007-லேயே வந்துவிட்டன. கூரை எவ்வளவு வெப்பம் கடத்தலாம், கண்ணாடி எவ்வளவு இருக்கலாம் என்றெல்லாம் அவை சொல்கின்றன. ஆனால், 100 கிலோவாட் மின் இணைப்பு அல்லது 120 கே.வி.ஏ ஒப்பந்த அளவைத் தொடும் கட்டடங்களுக்குத்தான் அவை பொருந்தும். ஏ.சி-யை மட்டும் வைத்துக் கணக்குப் போட்டால், ஒன்றரைக் கிலோவாட் வீதம் 60-க்கும் மேற்பட்ட ஏ.சி இருக்கிற கட்டடம். கலசப்பாக்கம் மாதிரி ஊரில் எந்த ஆபீஸில் 60 ஏ.சி இருக்கப் போகிறது? நாலு ஏ.சி, பதினைந்து ஃபேன் உள்ள கட்டடத்தை இந்த விதி திரும்பியே பார்க்காது. தமிழ்நாட்டில் தாலுகாக்கள் மட்டுமே 300-க்கும் மேல். ஒவ்வொன்றிலும் இப்படிப்பட்ட சின்னக் கட்டடங்கள் எத்தனை இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

இதற்குச் சாவி மாநில அரசின் கையிலேயே இருக்கிறது. 2022-ல் திருத்தப்பட்ட எரிசக்தி சேமிப்புச் சட்டம், இந்த 100 கிலோவாட் வரம்பைக் குறைத்துக்கொள்ள மாநிலங்களுக்கு அதிகாரம் கொடுத்திருக்கிறது. குறைந்தபட்சம் புதிதாகக் கட்டும் அரசு அலுவலகங்களுக்காவது வரம்பை இறக்கினால், கூரையும் ஜன்னலும் வரைபடத்திலேயே சரியாகிவிடும்.

இன்னொரு சிக்கலும் இருக்கிறது. கட்டுகிறவர் ஒருவர், மின்கட்டணம் கட்டுகிறவர் வேறொருவர். ஒப்பந்ததாரருக்குக் கட்டும் செலவு குறைய வேண்டும். வாடகைக் கட்டட உரிமையாளருக்கும் அப்படியே. அடுத்த 30 வருட மின்கட்டணம் அவர்கள் பாக்கெட்டிலிருந்து போகப் போவதில்லை. கூரைக்குக் கூடுதலாகச் செலவழிக்க யாருக்கும் காரணம் இல்லாமல் போவது இப்படித்தான். விதி வந்தால்தான் இது மாறும்.

இன்னொரு தென்மாநிலம் இதில் முந்திக்கொண்டது. தெலங்கானா 2023-ல் 'கூல் ரூஃப்' கொள்கையையே கொண்டுவந்தது. அகமதாபாத் நகரம் 2013-லேயே வெப்பச் செயல்திட்டம் போட்டு, பிறகு ஏழை மக்களின் கூரைகளுக்கு வெள்ளை அடிப்பதையும் அதில் சேர்த்தது. தமிழ்நாடு அரசும் பள்ளிக் கட்டடங்களில் கூல் ரூஃப் வேலையைக் கையில் எடுத்திருக்கிறது. நல்ல விஷயம். அதே ஏணியை அப்படியே பக்கத்து அலுவலகக் கட்டடத்துக்கும் சாய்க்கலாமே!

உங்கள் ஆபீஸில் என்ன செய்யலாம்? இந்த வரிசையில் செய்யுங்கள்

புதுக் கட்டடம் கட்டும்வரை காத்திருக்க வேண்டாம். இருக்கிற கட்டடத்திலேயே செய்யக்கூடியவை இவை. வரிசை முக்கியம். ஏனென்றால், செலவு குறைந்ததும் பலன் அதிகமுள்ளதும் முதலில் வருகின்றன.

1. மொட்டை மாடிக்கு வெள்ளை: மார்ச் மாதத்துக்கு முன்னால் தளத்தைக் கழுவி, விரிசலை அடைத்து, சுண்ணாம்பும் வெள்ளை சிமென்ட்டும் கொஞ்சம் ஃபெவிகாலும் கலந்து இரண்டு, மூன்று கை அடியுங்கள். தூசியும் பாசியும் படிந்தால் பலன் குறையும். எனவே, இது வருடா வருடம் செய்ய வேண்டிய வேலை. கையில் பணம் இருந்தால் கூல் ரூஃப் பெயின்ட் அல்லது வெள்ளை ஓடு. ஒழுகும் தளத்தில் முதலில் ஒழுகலைச் சரி செய்யுங்கள்.

2. மேற்குப் பக்கத்துக்கு மறைப்பு: சன்ஷேட் மேலிருந்து வரும் வெயிலைத்தான் தடுக்கும். 4 மணி வெயில் சாய்ந்து, சன்ஷேடுக்குக் கீழே நுழைந்து வரும். அதற்கு மூங்கில் தட்டி, வெட்டிவேர்த் தட்டி, ஜாலிச் சுவர் எனச் செங்குத்தான மறைப்பு வேண்டும். கண்ணாடிக்கு வெளியே போட வேண்டும். உள்ளே ஸ்கிரீன் போட்டால், வெயில் ஏற்கெனவே உள்ளே வந்துவிட்டது என்று அர்த்தம்.

3. அடைத்த வெண்டிலேட்டரைத் திறப்பது: ஏ.சி இல்லாத கூடங்களில் அதை மூடி வைக்க எந்தக் காரணமும் இல்லை.

4. கூரைக்குக் குடை: சோலார் பேனல் போடும் திட்டம் இருந்தால், தளத்திலிருந்து உயர்த்திப் போடுங்கள். வெயில் நேரமும் ஆபீஸ் நேரமும் ஒன்றுதான். மின்சாரமும் கிடைக்கும், தளத்துக்கு நிழலும் கிடைக்கும்.

5. மேற்கிலும் கிழக்கிலும் மரம்: புங்கை, வேம்பு. புங்க மர நிழலின் அருமை கிராமத்துக்காரர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. பலன் தெரிய ஐந்தாறு வருடம் ஆகும், அதனால் இன்றைக்கே நட வேண்டும்.

6. கடைசியாக ஏ.சி: இவ்வளவும் செய்த பிறகு தேவைப்படுகிற ஏ.சி சின்னதாக இருக்கும், குறைவான நேரம் ஓடும்.

இதனால் எல்லாம் முடிந்துவிடுமா?

முடியாது. சர்வர் அறைக்கு ஏ.சி வேண்டும். அக்னி நட்சத்திரத்தில் 42 டிகிரி அடிக்கும் நாள்களில் வெள்ளைக் கூரை மட்டும் போதாது. ஜன்னல் திறந்தால் கொசு வரும், பஸ் ஹாரன் சத்தம் வரும், செம்மண் தூசி ஃபைலில் படியும். தாழ்வாரம் விட்டால் அறையின் அளவு குறையும். இவற்றையெல்லாம் மறைத்துவிட்டு 'பழமைக்குத் திரும்புவோம்' என்று கோஷம் போடுவதில் அர்த்தம் இல்லை.

ஆனால், ஒரு வித்தியாசத்தை யோசியுங்கள். ஏ.சி ஓர் அறையைக் குளிர வைக்கும். அந்த அறையின் சூட்டை வெளியே கொண்டுவந்து கொட்டும். சில இடங்களில் அந்த வெளி யூனிட் மாட்டியிருப்பதே மக்கள் காத்திருக்கும் தாழ்வாரத்தில்தான்! வெள்ளை அடித்த கூரை அப்படிப் பாகுபாடு பார்க்காது. அதிகாரியின் அறை, எழுத்தரின் மேஜை, மலையடிவார கிராமத்திலிருந்து இரண்டு பஸ் மாறி முதியோர் உதவித்தொகைக்கு மனு கொடுக்க வந்த பாட்டி நிற்கிற வரிசை, எல்லாமே அந்த ஒரே கூரைக்குக் கீழேதான் இருக்கின்றன. வெப்பம் பேரிடர் என்று அரசே சொன்ன பிறகு, குளிர்ச்சி பதவியைப் பொறுத்துக் கிடைக்கிற சலுகையாக இருக்கக் கூடாது.

உங்கள் ஊரில் அடுத்த கிராம சபைக் கூட்டம் நடக்கும்போது ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள். 'நம்ம பஞ்சாயத்து ஆபீஸ் மொட்டை மாடிக்கு இந்தக் கோடைக்கு முன்னாடி வெள்ளை அடிக்கலாமா?' ஒரு மூட்டைச் சுண்ணாம்பில் ஆரம்பிக்கிற விஷயம் இது. பதில் சொல்ல யாரும் டெல்லிக்கு எழுதிக் கேட்க வேண்டியதில்லை.